ஒரே கறிக்கு இரண்டு சட்டி

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலோசனை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஆன்ட்டி, இத்தனை வருஷத்தில் நீங்கள் தோற்றுப்போன கேஸ் எது?" தோற்றவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஏன் தோற்றேன் என்று எனக்கே தெரியும். வென்ற கேஸ் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், பாத்திரம் கழுவும்போது திடீரென்று அது ஞாபகம் வந்து, குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றுவிடுகிறேன். எழுதிப் பார்க்கிறேன். உங்களுக்காவது பிடிபட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்து கணவரோடு ஆக்லாந்து வந்து, ஒனேஹங்காவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. கூட வேலை பார்த்த பெண்களுக்குப் அரசாங்க உதவித்தொகைக்கான பெனிஃபிட் படிவம் நிரப்பத் துணைக்குப் போனேன். போன இடத்திலெல்லாம் பேசினேன். "இவளைக் கூட்டிக்கொண்டு போனால் எதிரே இருப்பவர் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்" என்று எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பாபடோயிட்டோயில் ஒரு டெய்ரிக் கடைக்கு, அதாவது தெருமுனை மளிகைக் கடைக்கு மேலே இருந்த இலவச ஆலோசனை அலுவலகத்தை அப்போது ஒரு மாவோரி அம்மாள் நடத்திவந்தார். ஒருநாள் என்னைப் பார்த்து, "சும்மா பேசுகிறாய், இனிச் சம்பளத்துக்குப் பேசு" என்றார். அவ்வளவுதான் என் படிப்பும் பட்டமும்.

மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற சொற்கள்மேல் எனக்குப் பெரிய ஆசை. ஒரு சமோவாக்காரர் தன் முதலாளியைப் பற்றி, "அவர் சிரித்தால் யாருக்கோ வேலை போகிறது" என்று சொன்னதற்காகவே அவருடைய கேஸை ஒரு மாதம் கூடுதலாக இழுத்துப் பார்த்தேன். ஆனால் இந்த ஆசை ஆபத்தானது. சொல் அழகாக இருந்தால் அது நிஜம் என்று நம்பிவிடுவேன். அழகில்லாமல் சொல்லப்பட்ட நிஜத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவேன். இந்தக் கேஸில் நடந்தது பாதி அதுதான்.

அவர்கள் இருவரும் வந்தது ஒரு ஜூன் மாதக் காலை; இங்கே அது குளிர்காலம். பெண் உள்ளே வந்தார். ஆண் படிக்கட்டிலேயே நின்றார்.

"அவரையும் உள்ள வரச் சொல்லுங்க, குளிருது" என்றேன்.

"அவர் வருவார் அக்கா. நான் இருந்தாப் பிறகு வருவார்" என்றார் அந்தப் பெண்.

சொன்னபடியே, அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மனிதர் வந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பெண்ணின் பெயர் யோகராணி. நாற்பதை ஒட்டிய வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் கணவரைக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. யோகராணியும் பொட்டை அழிக்கவில்லை. ஆணின் பெயர் மகாலிங்கம். ஐம்பதைத் தாண்டியவர், ஊரில் கணக்கு வாத்தியார். யோகராணி அவரை "மாஸ்டர்" என்றார். அவர் யோகராணியை "பிள்ளை" என்றார். இங்கே விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்த்த மாஸ்டருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். அதனால் வேலை போய், நோயாளிக்கான பெனிஃபிட்டில் இருந்தார். யோகராணி வேலையில்லாதவர்களுக்கான பெனிஃபிட்டில்.

"எங்களைப் புருசன் பெண்சாதி எண்டு எழுதப்போகினமாம் அக்கா" என்றார் யோகராணி. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

இளையவர்களுக்காக ஒரு வரி. தனி ஆட்கள் என்றால் ஆளுக்கொரு பெனிஃபிட். ஜோடி என்றால் இருவரையும் ஒரே கணக்கில் போட்டுக் குறைத்துக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால், அவர்கள் யார் என்ற கேள்வி எப்படியும் வரும். வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் யாரிடமும் இல்லை.

"குறைச்சுக் குடுத்தாலும் பரவாயில்லைன்னு விட்டுடலாமா?" என்று நான் கேட்டேன். இரண்டு கேஸ் முன்னால் ஒருத்தரை அப்படித்தான் சமாதானம் செய்து அனுப்பியிருந்தேன்.

மகாலிங்கம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "காசு குறைஞ்சால் குறையட்டும் தங்கச்சி. என்ரை மனுசியும் மகளும் கொழும்பிலை ஒரு லொட்ஜ் அறைக்குள்ளை இருக்கினம். ஐஞ்சு வருசம். அவையைக் கூப்பிடப் பேப்பர் போட்டிருக்கிறன். இஞ்சை ஒரு அரசாங்க ஃபைலிலை எனக்கு வேறை மனுசி எண்டு எழுதியிருந்தால், அங்கை அந்தப் பேப்பரை என்னெண்டு பாப்பினம்?"

இதுதான் கேஸ். பணம் இல்லை. கொழும்பில் ஒரு அறைக்குள் இருக்கும் இரண்டு பேர்.

எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று கேட்டேன். அந்த வீட்டில் முதலில் ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஆஸ்திரேலியா போனது. ஒரு பையனுக்கு வெலிங்டனில் வேலை கிடைத்தது. மிஞ்சியது இவர்கள் இருவர். புது ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. தனித்தனியாக வீடு எடுக்க இருவராலும் முடியாது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குத்தகைப் பத்திரம் புதுப்பிக்க வந்த வீட்டு ஏஜென்ட், "கணவன் மனைவியா?" என்று கேட்டிருக்கிறார். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து இருவரும் தலையை ஆட்டியிருக்கிறார்கள். தமிழ்க் கடைக்காரம்மா கேட்டபோது, ஊர்வாய்க்குப் பயந்து, "மாமா முறை" என்று சொல்லியிருக்கிறார்கள். பெனிஃபிட் அலுவலகத்தில் மட்டும் நிஜத்தைச் சொன்னார்கள்: ஒரே வீட்டில் இருக்கிறோம், உறவில்லை.

"மூணு இடத்துல மூணு விதமா சொல்லியிருக்கீங்களே!"

"ஓம் அக்கா" என்றார் யோகராணி, நான் என்னவோ பாராட்டியதுபோல. "மூண்டும் அந்தந்த ஆக்களுக்குத் தக்க மாதிரிச் சொன்னது. ஒருத்தருக்கும் மரியாதை குறையாமல்."

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. சொன்னேனே, ஆபத்து என்று.

விசாரணை அதிகாரி ஒரு வாரத்தில் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. இங்கேதான் என் முதல் தவறு. கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தத் தவறை நீங்களும் செய்வீர்கள். நல்ல மனதோடுதான் செய்வீர்கள். அதிகாரி என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும் வீட்டுத் தோழர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், அது மட்டுமே யாரையும் கணவன் மனைவி ஆக்கிவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பயந்துவிட்டேன். அவர்கள் வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜின் நடுவே டேப் ஒட்டி, மேல்தட்டு யோகராணிக்கு, கீழ்த்தட்டு மாஸ்டருக்கு என்று பிரித்தேன். உப்பு, சீனி, மிளகாய்த்தூள் எல்லாம் இரண்டு இரண்டு போத்தல். "இனிமே தனித்தனியாச் சமைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதிகாரி வந்தார். மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். கறாரானவர் இல்லை, ஷூவை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்தவர். டேப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் இரண்டு சிறிய சட்டிகள் இருந்தன. ஒன்றைத் திறந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. இன்னொன்றைத் திறந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. குனிந்து இரண்டையும் மோந்து பார்த்தார். மேல்தட்டில் ஒரு கிண்ணம் தேங்காய்ச் சம்பல். கீழ்த்தட்டில் அதே சம்பல், அதே மாதிரிக் கிண்ணம்.

"ஒரே குழம்புதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் யோகராணியைப் பார்த்தேன். அவர் என்னிடம் தமிழில் சொன்னார், குரலில் கோபத்தோடு: "ஒரு வீட்டிலை ஒராள் சமைச்சுச் சாப்பிட, மற்றாள் பேக்கரிப் பாணைத் திண்டுகொண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ அக்கா? அதுவும் சுகமில்லாத மனுசன். நீங்கள் சட்டியைத்தானே பிரிக்கச் சொன்னனீங்கள்? பிரிச்சிட்டன்."

எங்கள் ஆட்களில் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் அங்கே சண்டை என்று அர்த்தம். அதைச் செய்ய அவருக்குக் கை வரவில்லை. நான் சொன்னதையும் மீற முடியவில்லை. எனவே ஒரே கறியை ஆக்கி இரண்டாகப் பங்கிட்டு இரண்டு சட்டியில் வைத்துவிட்டார். வேறு யார் வீட்டிலும் இப்படி நடந்திருக்காது.

அதிகாரி தன் நோட்டை மூடினார். "வீட்டு ஏஜென்ட் கணவன் மனைவி என்கிறார். கடைக்காரம்மா மாமாவும் மருமகளும் என்கிறார். இவர்கள் உறவே இல்லை என்கிறார்கள். இப்போது சமையலறையில் ஒரு நாடகம். நான் எதை எழுதட்டும்?" என்றார். கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஜோடி.

எங்கள் அலுவலகத் தலைவி, அந்த மாவோரி அம்மாள், நான் சொன்னதையெல்லாம் கேட்டார். திட்டவில்லை. "அவர்களிடம் இருந்தது நிஜம் ஒன்றுதான். அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு வந்திருக்கிறாய்" என்றார். பிறகு, "ஃபைலை வரவழை. மறுபரிசீலனைக்குப் போ. இந்தத் தடவை ஒன்றும் சொல்லிக்கொடுக்காதே" என்றார்.

ஃபைல் வந்தது. அதில் ஒரு தாளில், அதிகாரிகள் ஐந்து காலைகள் அந்தத் தெருவில் காரில் இருந்து பார்த்த குறிப்புகள். ஐந்து நாளும் ஒரே விஷயம். காலை ஆறு மணிக்கு ஆண் வீட்டிலிருந்து வெளியே வருகிறார். தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். பேருந்து வருகிறது, ஏறுவதில்லை. இன்னொன்று வருகிறது, அதிலும் ஏறுவதில்லை. ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்து வீட்டுக்குத் திரும்புகிறார். அவற்றில் மூன்று நாள் மழை. குறிப்பின் கீழே, "காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது.

எனக்கும் தெரியவில்லை. மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்றார்.

"நடக்கலையே அண்ணா, நிக்கிறீங்க."

அவர் ஜன்னல் வழியே கீழே கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது தேவையில்லாத கதை தங்கச்சி" என்றார்.

எனக்கு உள்ளே என்னென்னவோ ஓடியது. இரகசியமாக எங்கேயாவது கூலி வேலைக்குப் போக யாராவது வண்டியில் ஏற்றிப்போகக் காத்திருக்கிறாரா? யாரையாவது சந்திக்கிறாரா? யோகராணியிடம் கேட்டேன். "அவர் விடியக்காலை நடக்கிறவர். நல்ல பழக்கம்" என்றார் சாதாரணமாக. இருவரும் பொய் சொல்கிறார்கள் என்றே அன்று நினைத்தேன். வேண்டாத நேரத்தில் வேண்டாத சந்தேகம். ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் நினைத்திருப்பீர்கள்.

மறுபரிசீலனைக் குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் பெனிஃபிட் அலுவலகத்தவர்கள். மூன்றாவது வெளியிலிருந்து வந்த ஒரு நரைத்த அம்மாள். சட்டி விஷயத்தை நானே முதலில் சொன்னேன். என் தவறு, நான்தான் பிரிக்கச் சொன்னேன், அவர்கள் எப்போதும் ஒன்றாகவே சமைத்தார்கள் என்றேன். தலைவராக இருந்தவர் குறித்துக்கொண்டார். பிறகு அந்தத் தாளை எடுத்தார்.

"இந்தப் பேருந்து நிறுத்தம். இது என்ன?"

மொழிபெயர்த்தேன். மாஸ்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காத கேள்வியை விட்டுவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் தோல்விதான். பதில் என்னவென்று எனக்கும் தெரியாது. அழுத்துவதா, "களைத்திருக்கிறார்" என்று சமாளிப்பதா?

மாஸ்டர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "பிள்ளையை வெளியிலை இருக்கச் சொல்லுங்கோ. பிறகு சொல்லுறன்."

குழு ஒத்துக்கொண்டது. யோகராணி குழப்பத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். கதவு மூடியது.

"அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குக் கொளுக்கி இல்லை" என்று தொடங்கினார் மாஸ்டர், மேசையைப் பார்த்தபடி. "அவ குளிச்சிட்டுக் கூடத்தைக் கடந்துதான் தன்ரை அறைக்குப் போகவேணும். எங்கடை பொம்பிளையள் குளிச்சிட்டுக் குறுக்குக்கட்டோடை வாறவை. மற்ற ஆக்கள் போனாப் பிறகு ஒருநாள் நான் கூடத்திலை பேப்பர் பாத்துக்கொண்டிருந்தன். அவ கதவைத் திறந்தவ, என்னைக் கண்டிட்டுத் திரும்ப உள்ளுக்குப் போயிட்டா. நான் எழும்பிப் போகுமட்டும் வரேல்லை. அரை மணித்தியாலம். அதுவும் இந்தக் குளிருக்குள்ளை. அண்டையிலை இருந்து, அவ குளிக்கிற நேரம் நான் வெளியிலை போயிடுவன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக. குறுக்குக்கட்டுக்கு மட்டும் மார்பில் முடிந்த துணி என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

நரைத்த அம்மாள் கேட்டார்: "ஏன் மழையில் போக வேண்டும்? தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாமே?"

அதற்கு மாஸ்டர் தலையை நிமிர்த்தினார், கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல. "அறைக்குள்ளை இருந்தால், நான் இருக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியுமெல்லோ?"

"அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னீர்களா?"

"ஐயோ! ஒரு அந்நியப் பொம்பிளையோடை அவவின்ரை குளிப்பைப் பற்றி என்னெண்டு கதைக்கிறது?"

தலைவர் நிறைய நேரம் எழுதினார்.

பதினைந்து நாளில் தீர்ப்புக் கடிதம் வந்தது. ஜோடி அல்ல. முந்தைய முடிவு ரத்து. நான் படிக்கட்டில் இறங்கி டெய்ரிக்காரரிடம் சொல்லி, அவர் கொடுத்த ஐஸ்கிரீமை நின்றபடி தின்றேன். குளிர்காலத்தில்! மாஸ்டருக்கு அன்று ஆஸ்பத்திரியில் கால் காட்ட வேண்டிய நாள். யோகராணி மட்டும் வந்தார்.

"வெண்டிட்டமோ அக்கா?"

"ஜெயிச்சுட்டோம். அண்ணாவோட பேப்பருக்கு ஒரு பழுதும் இல்லை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "என்னத்தைச் சொல்லி வெண்டனாங்கள்?"

நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கையில் நான்கு பக்கக் கடிதம். மூன்றாம் பக்கத்தில் காரணம் விவரமாக இருக்கிறது. கடிதம் அவர் பெயருக்கும் வந்தது. அதில் இருப்பதை அறிய அவருக்கு முழு உரிமை உண்டு. அதை மறைக்க நான் யார்? அதே சமயம், ஒரு மனிதர் கதவை மூடச் சொல்லிவிட்டுச் சொன்ன வார்த்தை அது. குழுவிடம் சொன்னார், யோகராணியிடம் சொல்லவில்லை. "நீங்க சொன்னதை நம்பினாங்க" என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வேண்டுமானால் முழுதும் வாசிக்கிறேன், முதலில் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு நாள் தள்ளியிருக்கலாம்.

நான் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. வென்ற சந்தோஷம். அதோடு, அந்த வாக்கியங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. வாசித்தேன். ஒன்றுவிடாமல் வாசித்தேன், நன்றாகத் தமிழாக்கி, குரலை ஏற்றி இறக்கி.

"மழைக்குள்ளையுமோ?" என்றார் யோகராணி.

"ஆமா."

"அந்தக் காலோடையோ?"

அவர் கடிதத்தை வாங்கி, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். கண்ணுக்குக் கீழே கருமை.

"எனக்கு வேறை ஒரு வீடு பாத்துத் தாங்கோ அக்கா."

"ஏன்? ஜெயிச்சாச்சே?"

"வெண்டதாலைதான்" என்றார். "தெரியாமல் இருக்கேக்கை அது அவரின்ரை நடை. இப்ப அது என்ரை குளிப்பு. கதவு சாத்துற சத்தம் கேட்டால் எனக்குக் கையும் ஓடுதில்லை, காலும் ஓடுதில்லை. அவரை மழையிலை நிக்கவைக்கக்கூடாது எண்டு ஐஞ்சரைக்குக் குளிச்சுப் பாத்தன். அவர் ஐஞ்சேகாலுக்கு வெளிக்கிடுறார். நான் ஐஞ்சுக்குக் குளிச்சால் அவர் நாலே முக்காலுக்குப் போறார். இப்பிடியே போனால் ரெண்டு பேரும் நித்திரை கொள்ளேலாது."

சிரிப்பு வந்தது எனக்கு. அவர் சிரிக்கவில்லை.

"கதவுக்குத் தாழ்ப்பாள் ஒண்ணு போட்டுட்டா?"

"இனிக் கொளுக்கி போட்டு என்ன?"

"அவர்கிட்டயே பேசிப் பாருங்களேன். இனிமே நிக்க வேண்டாம்னு."

"சொன்னால், நான் அறிஞ்சுபோட்டன் எண்டு அவருக்குத் தெரிஞ்சுபோம். பிறகு அவர் என்னெண்டு என்ரை கையாலை சோறு வாங்கிச் சாப்பிடுவார்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவர்கள் ஜோடி இல்லை என்று நிரூபித்த அதே தாள், அவர்களை ஒரே வீட்டில் இருக்க முடியாமல் செய்துவிட்டது. கடிதம் சொன்னது நிஜம். ஆனால் அந்த நிஜம் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால்தான் அந்த வீட்டில் இருக்க முடிந்திருக்கிறது. நான் அதை உரத்து வாசித்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பவர் எதையும் விடக்கூடாது என்று இப்போது உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரிதான். நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் எப்போது, யார் இருக்கையில், எவ்வளவு மெதுவாக என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாஸ்டருக்காக ஒரு நாள் காத்திருந்தால் போதுமா? காத்திருந்திருந்தால் அவர் "வாசிக்காதேங்கோ" என்று சொல்லியிருப்பாரே. அப்போது என்ன செய்வேன்? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன். கொஞ்சமாவது தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்: சந்தோஷமாக இருக்கும்போது கடிதம் வாசிக்காதீர்கள்.

ஹில்ஸ்பரோவில் ஒரு மலேசியத் தமிழ் அம்மாள் வீட்டில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். சாமான்களை ஏற்ற என் காரைக் கொண்டுபோனேன். மாஸ்டர் புண் காலோடு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிவந்தார். தடுத்தும் கேட்கவில்லை. ஏன் போகிறீர்கள் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. "இஸ்கூலுக்குக் கிட்டவாம் மாஸ்டர், இங்கிலீஷ் வகுப்புக்கு லேசு" என்று யோகராணி சொன்னார். "நல்லதுதானே பிள்ளை" என்றார் அவர். அந்த வகுப்பு பாபடோயிட்டோயில், அந்தப் பழைய வீட்டுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. அது மூவருக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டு அவருடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பேப்பரில் ஒரு கேள்விகூட எழவில்லை. ஒருநாள் மாஸ்டரின் மனைவி தனியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த உருவம், கூர்மையான கண். நன்றி சொன்னார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். அந்த யோகராணிப் பிள்ளை இவருக்கு ஆர்?"

மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் இதே கேள்விக்குப் பதில் சொல்லி வென்றவள் நான். நான்கு பக்கத்தில் அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. இருந்தும் கேள்வியை அவரிடமே திருப்பினேன்.

"அண்ணாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டன். 'வீட்டிலை இருந்தவ' எண்டுறார். அதுக்கு மேலை ஒண்டும் இல்லை. பொய் சொல்லுறார் எண்டு நான் நினைக்கேல்லை. ஆனால் முழுக்கவும் சொல்லேல்லை."

அந்தக் கடிதத்தின் நகல் எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எழுந்து எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் எழுந்திருக்கவில்லை. ஒரு காகிதத்தில் ஹில்ஸ்பரோ விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். "நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்கக்கா" என்றேன்.

சனிக்கிழமை போயிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு முன் போனவர் பொழுது சாயும்போதுதான் திரும்பினார் என்று மாஸ்டர் திங்கட்கிழமை வந்து சொன்னார்.

"என்ன பேசுனாங்களாம்?" என்று கேட்டேன்.

"எனக்கும் சொல்லேல்லை தங்கச்சி" என்றார். "வந்து, கையைக் கழுவிப்போட்டு, எனக்குச் சோத்தைப் போட்டுத் தந்தா. அந்தக் கேள்வியைத் திரும்பக் கேக்கேல்லை. தானும் பக்கத்திலை இருந்து சாப்பிட்டா." அவர் முகத்தில் இருந்தது பயமா நிம்மதியா என்று பார்த்தேன். பிடிபடவில்லை.